பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது பழைய காலனி நாடுகளின் ஏற்றுமதி என்ன ஆனது?

எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் பொதுச் சந்தை என்று அழைக்கப்பட்ட ஐரோப்பிய பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும், காமன்வெல்த் நாடுகளுக்கு அது வெகுகாலமாகக் கொடுத்துவந்த சுங்கச் சலுகைகள் படிப்படியாகப் போய், ஐரோப்பாவின் பொது வரி வந்துவிட்டது.

ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கு மாற்று ஏற்பாடாக 1975 பிப்ரவரியில் லோமே ஒப்பந்தம் கையெழுத்தானது. 46 நாடுகள், பெரும்பாலான சரக்குகளுக்கு வரி கிடையாது, பதிலுக்கு அவர்கள் ஐரோப்பியச் சரக்குக்கு அதே சலுகை தர வேண்டியதும் இல்லை. இதில் பெரிய விஷயம் சர்க்கரை. மொரீஷியஸ் ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் டன் சர்க்கரையை ஐரோப்பிய உள்நாட்டு விலையை ஒட்டிய உத்தரவாத விலைக்கு விற்றது. பெரும்பாலான ஆண்டுகளில் அது உலகச் சந்தை விலையைவிட எவ்வளவோ அதிகம். அந்த லாபத்தில் ஒரு பகுதிதான் அப்புறம் அங்கே ஜவுளி ஆலைகளாகவும் ஹோட்டல்களாகவும் மாறியது. 2009ல் இந்தச் சர்க்கரை ஏற்பாடு முடிந்தது.

சரி, இந்தியாவும் இலங்கையும்? லோமேயில் இடமே இல்லை. வர்த்தக உறவை வளர்ப்போம் என்ற ஒரு கூட்டு அறிவிப்பு கிடைத்தது, இந்தியாவுக்குத் தனியாக 25,000 டன் சர்க்கரை ஒதுக்கீடும் கிடைத்தது. இந்தியாவின் அளவைப் பார்த்துப் பயந்தார்கள் என்றாலும், சின்ன நாடான இலங்கையையும் சேர்த்து வெளியே நிறுத்தியது அநியாயம் என்றே நினைக்கிறேன்.