சத்தம் வரவில்லையா? முதலில் கோடெக் பெயரைச் சொல்லுங்கள்

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். சத்தமே வரவில்லை. என்ன செய்வது?

இவ்வளவுதான் கடிதம். என்ன லேப்டாப், எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை), ஹெட்போனில் கேட்கிறதா, ஒன்றும் இல்லை. சரி, டெர்மினலில் ஒலி அளவை மாற்றும் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர் அல்லது ஸ்பீக்கர் பட்டையின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் மியூட்டில் கிடக்கிறது என்று அர்த்தம், எம் விசையைத் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் விவரத்தோடு எழுதுங்கள்.

ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது. கழற்றினால் ஸ்பீக்கர் ஊமை.

அதே ஆல்சாமிக்சரில் வலதுபுறம் நகர்ந்துபோனால் ஆட்டோ-மியூட் மோட் என்று ஒன்று இருக்கும். அதை டிஸேபிள்டு ஆக்கிப் பாருங்கள். ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தால், ஜாக்கில் ஏதோ செருகியிருப்பதாகவே டிரைவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கிறதா? அங்கிருந்து நேராக ரீஸ்டார்ட் செய்து வந்தால் சில கோடெக்குகள் (லேப்டாப்பில் ஒலியைக் கையாளும் சிப்புகள்) அரைத்தூக்கத்திலேயே வந்து சேரும். ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்து, பிறகு ஆன் செய்யுங்கள். ரீஸ்டார்ட் வேறு, ஷட்டவுன் வேறு. இதை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை.

புது லேப்டாப். செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' மட்டும் காட்டுகிறது. எந்த டிரைவரை இறக்க வேண்டும்?

டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது, அதை இறக்க வேண்டாம். ஆனால் சமீபத்திய இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் ஒலி டிஎஸ்பி என்ற ஒலிச் செயலி வழியாகப் போகிறது, அதற்குள் ஓட சாஃப் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் வேண்டும், அது தனி பேக்கேஜ். டெபியனில் ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு, ஆர்ச்சில் சாஃப்-ஃபர்ம்வேர், ஃபெடோராவில் ஆல்சா-சாஃப்-ஃபர்ம்வேர். கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் சாஃப் என்று தேடினால் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று அதுவே புலம்பிக்கொண்டிருக்கும். நிறுவியபின் முழு ஷட்டவுன்.

டிரைவர் அமைப்புகளை எழுதும் மாட்ப்ரோப் கோப்பில் 'மாடல்' வரி ஒன்று சேர்த்தேன், சரியாகவில்லை. இன்னொன்று சேர்த்தேன். இப்போது ஐந்து வரிகள் இருக்கின்றன, ஹெட்போனும் போய்விட்டது. பல்ஸ்ஆடியோவை நீக்கிவிட்டு மறுபடி போடலாமா?

வேண்டாம், கையை எடுங்கள்!

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம்தான். யாரோ ஒருவர் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தன் லேப்டாப்புக்கு எழுதிவைத்த வரியை, அது என்ன செய்கிறது என்று கேட்காமல் அப்படியே ஒட்டுகிறார்கள், வேலை செய்யாவிட்டால் அதை நீக்காமல் அதன் கீழேயே அடுத்ததை ஒட்டுகிறார்கள். அந்த மாடல் பெயர் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட கோடெக் குடும்பத்துக்கானது. ரியல்டெக் கோடெக்குக்கு எழுதியதை கோனெக்ஸன்டுக்குக் கொடுத்தால் டிரைவர் அந்தப் பெயரைக் கண்டுகொள்ளாது, அது பரவாயில்லை. பெயர் செல்லுபடியாகி, ஆனால் உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தாததாக இருந்தால்தான் வம்பு. கர்னல் தானாக உங்கள் மெஷினை அடையாளம் கண்டு போட்டிருக்கும் சரியான திருத்தத்தைத் தள்ளிவிட்டு, கோடெக்கின் எந்த முனை ஸ்பீக்கருக்கு, எந்த முனை ஹெட்போனுக்கு என்ற வேறொரு லேப்டாப்பின் அமைப்பை உங்கள் தலையில் கட்டிவிடும். ஹெட்போன் அப்படித்தான் போயிருக்கும். அப்புறம் இன்னொன்று: உங்களுடையது சாஃப் வழியாக ஓடும் மெஷின் என்றால் எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல் என்ற ஒலி டிரைவர் மாட்யூலுக்கு எழுதிய வரியைப் படிக்க அங்கே ஆளே இல்லை.

ஐந்தையும் அழியுங்கள், முழு ஷட்டவுன். பிறகு ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட், அதற்குள் கார்டு0, அதற்குள் கோடெக்#0 கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே கோடெக் பெயர் இருக்கும் (முதல் கார்டு ஹெச்டிஎம்ஐ ஆக இருந்தால் கார்டு1). அந்தப் பெயருக்கு எந்த மாடல்கள் உண்டு என்று கர்னல் ஆவணத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரி. பலிக்கவில்லையா, அழித்துவிட்டு அடுத்தது.

பல்ஸ்ஆடியோ கதைக்கு வருவோம். ஃபெடோரா 34-இலிருந்தும் உபுண்டு 22.10-இலிருந்தும் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சர்வருக்குப் பதிலாக ஒலியைப் பார்த்துக்கொள்வது பைப்வயர். உங்கள் கணினியில் ஓடாத ஒன்றை நீக்கி என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

பாட்டு நின்று சில நொடிகளில் 'டப்' என்று ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

கோடெக் தூங்கப் போகும் சத்தம். எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல்லின் பவர்-சேவ் மதிப்பை 0 ஆக்குங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

சூடோ போட்டு பைப்வயரை ரீஸ்டார்ட் செய்தால் அப்படி ஒரு சர்வீஸே இல்லை என்கிறது.

அது பயனர் சர்வீஸ், உங்கள் லாகினில் ஓடுவது. நிர்வாகி அனுமதி கேட்கும் சூடோவை விட்டுவிட்டு, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கு --யூசர் கொடுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை. மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்ததும் பழைய டெலிபோன் மாதிரி கேட்கிறது. டிரைவர் கோளாறா?

இல்லை. பாட்டுக்கு ஏ2டிபி ப்ரொஃபைல், அதில் மைக் கிடையாது. மைக் கேட்டதும் அழைப்புக்கான ஹெச்எஃப்பிக்கு மாறிவிடுகிறது, அதில் தரம் குறைவுதான். லேப்டாப்பின் சொந்த மைக்கை இன்புட்டாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஹெட்செட்டை ஏ2டிபியிலேயே விடுங்கள்.