எல்லாப் பரிசோதனையும் நார்மல். உடம்பு மட்டும் ஏன் பதறுகிறது?

கேள்வி: வயது 38. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து எங்களை அடிப்பார். இப்போது நிம்மதியான குடும்பம், வேலை. ஆனாலும் கதவை யாராவது படாரென்று சாத்தினால் நெஞ்சு படபடக்கிறது. நடு இரவில் விழிப்பு வருகிறது, அடிக்கடி வயிற்றுவலி. ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். ‘வெறும் மனப்பிரமை’ என்கிறார்கள். பழைய கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். உங்கள் படபடப்பும் வலியும் நிஜமானவை. அவற்றைப் பிரமை என்று ஒதுக்குவது சரியல்ல.

ஆபத்தின்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்கள் சுரந்து இதயத்துடிப்பைக் கூட்டும், செரிமானத்தை மந்தமாக்கும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும். வளரும் வயதில் ஓயாமல் பயந்தே இருந்தவர்களில் பலருக்கு இந்தத் தணிதல் சரியாகப் பழகுவதில்லை. சிறு சத்தத்தைக்கூட மூளை அபாயமாக எடுத்துக்கொள்கிறது. சிலருக்குக் கார்ட்டிசால் கூடியிருக்கும், சிலருக்குக் குறைந்திருக்கும். அதனால் ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மருத்துவரிடம் முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. “சிறுவயதில் வீட்டில் அடிதடி இருந்தது, தூக்கமும் வயிறும் கெட்டிருக்கின்றன” என்றாலே போதும். ஆனால் எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, பழைய காயம்தான் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

படபடப்பு வரும்போது 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், 5 நிமிடம். மூச்சைக் கவனித்தாலே சிலருக்குப் பயம் கூடும், ஏனென்றால் கவனம் துடிக்கும் நெஞ்சுக்கே போய்விடுகிறது. அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லலாம். இரவில் தூங்குவதற்காக மது அருந்த வேண்டாம். பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும்.

கேள்வி: சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய பத்துக் கேள்விப் பட்டியலில் (ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும் ஒன்று) எனக்கு 6 மதிப்பெண். இதய நோய் வந்தே தீருமா?

பதில்: அப்படி இல்லை. அந்தப் பட்டியலின் வேர், அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. நான்கோ அதற்கு மேலோ துன்ப வகைகளைச் சொன்னவர்களிடம் இதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது. அது பெருங்கூட்டத்தின் கணக்கு; தனி ஒருவருக்கு ஜோசியம் சொல்லாது. எந்த வயதில், எவ்வளவு காலம், அரவணைக்க ஒருவராவது இருந்தாரா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் இல்லை. புகையை விடுவது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்ப்பது ஆகியவை உங்கள் கையில் இருக்கின்றன.

கேள்வி: மனநல சிகிச்சையில் எல்லாவற்றையும் கிளற வேண்டுமா?

பதில்: முதல் நாளே வேண்டாம். அவசரமாகக் கொட்டிவிட்டால் கெட்ட கனவுகளும் தூக்கமின்மையும் கூடலாம். நல்ல சிகிச்சையாளர் முதலில் படபடப்பைத் தணிக்கப் பழக்குவார், பிறகே நினைவுகளைத் தொடுவார். அதிர்ச்சிக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் CBT), கண் அசைவுச் சிகிச்சை (கண்களை இருபுறமும் அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் EMDR) இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள்; நீண்டகாலக் கொடுமையை அனுபவித்தவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். மனச்சோர்வு மாத்திரை தந்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு.