வாஷிங் மெஷின் ஸ்பின்னில் குதிக்கிறது, டிரம் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்களுடையது டாப் லோட் (மேலே திறந்து துணி போடுவது) என்றே வைத்துக்கொள்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் சரி. ஊஞ்சல் மாதிரி நாலைந்து தடவை ஆடினால், கோளாறு பெரும்பாலும் டிரம்மை நாலு மூலையிலும் தொங்கவிட்டுத் தாங்கும் ராடில்தான்.

எங்கள் வீட்டு ஆறரை கிலோ மெஷினும் நான்காம் வருஷம் இப்படித்தான் ஆரம்பித்தது. துவைப்பதெல்லாம் ஒழுங்கு. ஸ்பின் வந்தால் தடதடவென்று பெட்டியில் இடிக்கும், நிற்கும், தானே தண்ணீர் பிடித்துத் துணியைக் கலைத்துவிட்டு மறுபடி சுற்றும். சர்வீஸ் ஆள் வந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை, "டிரம் செட்டே போச்சு சார்" என்றார். வந்து பார்த்ததற்கு மட்டும் காசு.

அன்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்க இடது மூலையில் டிரம் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அந்த ராடின் அடியில் ஸ்பிரிங் உட்காரும் பிளாஸ்டிக் கப் விண்டிருந்தது. கிரீஸ் காய்ந்து புளி மாதிரி ஒட்டிக் கிடந்தது.

என்னைக் கேட்டால் இது டிசைன் தவறுதான். டிரம், மோட்டார், ஈரத்துணி என மொத்த எடையும் நாலு ராடில் தொங்குகிறது. ஆட்டத்தை அடக்குவதோ அந்தக் கப்பும் ஒரு விரல் கிரீஸும். 44 செ.மீ. டிரம் நிமிஷத்துக்கு 700 சுற்று சுற்றும்போது கால் கிலோ துணி ஒரு பக்கம் ஒதுங்கினாலே சுமார் 30 கிலோ இழுவை வரும். குளியலறை ஈரத்தில் வைக்கிற சாமானுக்கு இந்தக் கப் போதுமா?

"துணியைப் பரவலாகப் போடத் தெரியாதவன்" என்று கமெண்டில் வருவீர்கள். 2016-இல் சாம்சங் அமெரிக்காவில் சுமார் 28 லட்சம் டாப் லோட் மெஷின்களைத் திரும்ப அழைத்ததே, ஸ்பின்னில் அதிர்ந்து மேல்பாகமே கழன்றுகொண்டது என்று, அவர்களுக்கும் துணி போடத் தெரியாதா? (என் மெஷின் அந்தக் கம்பெனி இல்லை. நான் மெக்கானிக்கும் இல்லை, பி.காம்.)

ராடை நாலாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் டிரம் கோணிக்கொள்ளும்.

இதில் எனக்குக் கடுப்பு மெஷின் மேல்கூட இல்லை. எங்கள் சத்தத்தைப் பற்றி மூன்று மாதம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிய கீழ்வீட்டு அங்கிள், தன் மகன் பைக்கை எங்கள் பார்க்கிங்கில் நிறுத்துவதைப் பற்றி இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை.