நீலத்திரை வந்தால் சர்வரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் ஐந்து கம்ப்யூட்டர். பில் ஃபோல்டர் ஒன்றில் இருக்கிறது. மற்ற நான்கும் நெட்வொர்க் வழியாக அதைத் திறக்கும். ஒரு மாதமாக அந்த மெஷின் திடீரென நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. 2019 கடைசியில் விண்டோஸ் 10 போட்டு வாங்கியது. மெதுவாகிவிடும் என்று அப்டேட்டை அப்போதே நிறுத்திக் கொடுத்தார்கள். விற்ற வேலூர் கடைக்காரர், சர்வரை, அதாவது பில் ஃபோல்டர் இருக்கும் அந்த மெஷினை, மாற்ற 85,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு இழை அறுந்ததற்குத் தறியையே மாற்றச் சொல்கிறாரோ என்று தோன்றுகிறது. அப்டேட்டை நிறுத்தியதுதான் எனக்கு உறுத்துகிறது.

விண்டோஸில் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் பகுதிக்கு எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ் 10-இன் 1903, 1909 என்ற எண் கொண்ட 2019 பதிப்புகளில், சுருக்கி அனுப்பப்படும் தகவலின் அளவை இது சரியாகச் சோதிக்காது. பொய்யான அளவு போட்ட ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தகவல் துண்டு) வந்தால் போதும், பாஸ்வேர்ட் கூட இல்லாமல் மெஷின் படுத்துவிடும். வெளியாள் அதைக் கைப்பற்றவும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் 2020 மார்ச் 12 அன்றே இதற்கு இலவசத் திருத்தம் வெளியிட்டுவிட்டது. உங்கள் மெஷினுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

அடுத்த முறை நீலத்திரையை மொபைலில் படம் எடுங்கள். எஸ்ஆர்வி2 (srv2) அல்லது எஸ்ஆர்வி‌நெட் (srvnet) என்று தொடங்கும் கோப்புப் பெயர் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்படியானால் மற்ற நான்கில் ஏதோ ஒன்றில் அந்தப் பாக்கெட்டை அனுப்பும் வைரஸ் இருக்கலாம், அதையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால் ராம் (RAM) எனும் நினைவகப் பாகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

முதலில் பில் ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். அப்புறம் ஐந்திலும் அப்டேட் போடுங்கள். வந்து போட்டுத் தருபவருக்குக் கூலி கொடுப்பது நியாயம்; திருத்தத்துக்கு விலை கேட்டால் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது புதிய திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11-க்கு அந்த மெஷின் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேல் கடைக்காரர் மாற்றத்தான் வேண்டும் என்றால், எந்தப் பாகம் பழுது என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரென்றால் கடைக்கு வாங்கியதற்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும். பழைய ஹார்டு டிஸ்கை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் பாக்கிக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.