தைராய்டு நார்மல், கண் மட்டும் ஏன் இப்படி?

சகோதரி, டி.எஸ்.எச். (தைராய்டு சரியா வேலை செய்யுதான்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) நார்மலுக்கு வந்தும் இமை மேலேறி நிக்குது, காலையில கண்ணுல மணல் போட்ட மாதிரி உறுத்துதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் இதேதான் இருந்தது. கண்ணுக்குப் பின்னால இருக்கிற தசையையும் கொழுப்பையும் நம்ம நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்குறதால வர்ற வீக்கம் இது, தைராய்டு கண் நோய்னு சொல்வாங்க. ரத்தத்துல அளவு சரியானாலும் கண் தன் போக்குலதான் போகும்.

நீங்க தூங்கும்போது இமை முழுசா மூடுதான்னு வீட்டுல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. எனக்கு இமை மூடாத இடுக்குல ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சுதாம். ராத்திரி முழுக்க கண் காய்ஞ்சிருக்கு. பகல்ல பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்து, படுக்கும்போது கண் ஜெல், தலைக்கு உயரமா இரண்டு தலையணை. இதுக்கே பாதி உறுத்தல் குறைஞ்சது.

சிகரெட் பழக்கம் இருந்தா இன்னைக்கே விடணும், வீட்டுல மத்தவங்க புகையும் வேண்டாம். லேசான நிலையில 6 மாசம் செலினியம்ங்கிற தாதுச்சத்து தருவாங்க. டாக்டர் சொல்லாம வாங்காதீங்க. வீக்கம் அதிகமானா வாரம் ஒருமுறை டிரிப்புல ஸ்டீராய்டு, மொத்தம் 12 வாரம். ரேடியோ அயோடின் (தைராய்டுக்குக் கொடுக்கிற கதிரியக்க மருந்து) பேச்சு வந்தா கண்ணைப் பத்திக் கட்டாயம் சொல்லுங்க, அது கண்ணை மோசமாக்கலாம்.

ஒவ்வொரு கண்ணா மூடி ஒரு சிவப்புத் துணியைப் பாருங்க. ஒரு கண்ணுல நிறம் வெளிறித் தெரிஞ்சா, பார்வை மங்கினா, பார்வை நரம்பு அழுத்தப்படுதோன்னு பார்க்கணும். அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போயிடுங்க.