இரண்டு மணி நேர மெஷின், நான்கு நாள் காத்திருப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொரோனா காலத்து ஆய்வகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். "நோயாளிகளுக்கு மட்டுமல்ல, ஆய்வகங்களுக்கும் மூச்சுத் திணறியது" என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

2021 மே மாதம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கே சளி மாதிரி கொடுத்தோம். நெகட்டிவ் என்று வந்தது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மறுபடி கொடுத்தோம். மூன்று நாளாகியும் முடிவு வரவில்லை. நாங்கள் கூட்டிப்போன தனியார் மருத்துவமனையில், ரிசல்ட் இல்லாமல் கொரோனா வார்டில் சேர்க்க முடியாது என்றார்கள். ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டால், எடுத்தவர் "ரன் ஃபெயில் ஆயிடுச்சும்மா, திரும்பப் போட்டிருக்கோம்" என்றார். அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அப்பா போன மறுநாள்தான் பாசிட்டிவ் என்று குறுஞ்செய்தி வந்தது.

மெஷின் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும் என்கிறார்கள். பிறகு ஏன் நான்கு நாள்? முதலில் நெகட்டிவ் வந்தது யார் தவறு? "ரன் ஃபெயில்" என்பது உண்மையா, சமாளிப்பா? உண்மை என்றால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பெயர் வேண்டாம்,
திருவாரூர் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரி,

அப்பாவை இழந்த வலியோடு இத்தனை தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள். தெளிவாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மெஷினைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆர்டி-பிசிஆர் கருவி முதலில் சுமார் 50 டிகிரி வெப்பத்தில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும். பிறகு 95 டிகிரிக்கு ஏற்றுவதும் 60 டிகிரிப் பக்கம் இறக்குவதுமாக 40, 45 சுற்று ஓடும். வைரஸ் இருந்தால் அந்த டிஎன்ஏ சுற்றுக்குச் சுற்று பெருகி, மாதிரி இருக்கும் குழி ஒளிரும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பது எல்லாம் மனிதக் கைவேலை. தாமதம் அங்கேதான்.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த மாதிரி, அன்றைய முகாம் முடிந்து, எல்லாக் குழாய்களும் ஐஸ் பெட்டியில் சேர்ந்த பிறகே வண்டி ஏறும். ஆய்வகத்துக்கு வரும்போது சாயங்காலமாகிவிடும். அங்கே முதல் வேலை சோதனை அல்ல, எண் சரிபார்ப்பது. குழாயில் ஒட்டிய எண்ணும் கூடவே வந்த படிவத்து எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய லேபிள் ஐஸ் உருகிய தண்ணீரில் கரைந்திருக்கும். ஒரே பெயர், ஒரே வயதில் இரண்டு பேர் இருப்பார்கள். மூடி கோணலாகத் திருகியிருந்தால் உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் திரவம் பிளாஸ்டிக் உறைக்குள் கொட்டிக் கிடக்கும். அந்த மாதிரி வீண். அதோடு பக்கத்துக் குழாய்களின் வெளிப்புறத்தையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான குழாய்களுக்கு இந்த வேலை மட்டுமே பல மணி நேரம் பிடிக்கும். ஆய்வகத்துக்கு வெளியே இதை யாரும் சோதனையின் பகுதியாக நினைப்பதில்லை.

அடுத்தது ஆர்என்ஏ பிரித்தல். தானியங்கிக் கருவி இல்லாத இடத்தில், அல்லது அதற்கான கிட் தீர்ந்துபோன நாளில், கையால்தான். பரவலாகப் பயன்பட்ட ஒரு முறையைச் சொல்கிறேன். வைரஸை உடைத்துத் திறக்கும் லைசிஸ் திரவம் 560 மைக்ரோலிட்டர். அதில் 140 மைக்ரோலிட்டர் மாதிரி. பத்து நிமிடம் கழித்து 560 எத்தனால். கலவையில் 630 எடுத்து வடிகட்டிக் குழாயில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். மிச்சத்தை ஊற்றி மறுபடி சுற்ற வேண்டும். இரண்டு கழுவல், தலைக்கு 500. கடைசியில் 60 மைக்ரோலிட்டரில் ஆர்என்ஏ இறங்கும். ஒரு மாதிரிக்கு எட்டு முறை, திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டைப் பிடிக்க வேண்டும். மெஷினுக்குள் போகும் ஒரு பிளேட்டில் 96 குழிகள். சோதனை சரியாக ஓடியதா என்று காட்டும் இரண்டு கன்ட்ரோலுக்குப் போக 94 மாதிரிகள். அதாவது ஒரு பிளேட்டுக்கு 752 முறை கட்டைவிரல் அமுங்க வேண்டும், பிப்பெட் முனையில் மாட்டும் டிப் கிட்டத்தட்ட எட்டுப் பெட்டி காலியாக வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் ஒரு தடவைக்கு 24 குழாய்தான் வைக்க முடியும் என்றால் நான்கு சுற்றுக்கு முன் பிளேட் நிறையாது. இரட்டைக் கையுறைக்குள் வியர்வை வழுக்க, பாதுகாப்பு உடையோடு இதைச் செய்ய வேண்டும். அந்த லைசிஸ் திரவத்தில் குவானிடின் உப்பு இருக்கிறது. அது சிந்திய இடத்தில் பழக்கதோஷத்தில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். களைத்த நேரத்தில் இதையும் மறக்கக் கூடாது.

மெஷின் முடித்த பிறகு, ஒளி கூடுவதைக் காட்டும் ஒவ்வொரு வரைகோட்டையும் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் முடிவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே அரை நாளுக்கு மேல்.

அரை நாள் எப்படி நான்கு நாளாகிறது? ஒரு கணக்காகப் பாருங்கள். ஆய்வகத்தால் நாளுக்கு 2,000 முடியும். 3,000 வருகிறது. முதல் நாள் மிச்சம் 1,000. நான்காம் நாள் இரவில் 4,000. ஐந்தாம் நாள் வரும் மாதிரிக்கு முன்னால் இரண்டு முழு நாள் வேலை காத்திருக்கும். யாரும் மெத்தனமாக இருக்கவில்லை, வரிசை தானாக நீள்கிறது. 2021 மே 21-ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. பல மாநிலங்கள் சுமையின் ஒரு பகுதியை, சீக்கிரம் முடிந்தாலும் துல்லியம் குறைந்த ரேபிட் ஆன்டிஜென் சோதனைக்குத் தள்ளியபோது தமிழ்நாடு ஆர்டி-பிசிஆரை மட்டுமே நம்பியது. துல்லியத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் முழு எடையும் அந்தக் கட்டைவிரல்கள் மேல் இறங்கியது. அந்த மே 4-ஆம் தேதி ஐசிஎம்ஆர் வெளியிட்ட அறிவுரை, ஆய்வகங்கள் திணறுவதற்கு இரண்டு காரணம் சொன்னது: அளவுக்கு மீறிய நோயாளிகள், ஆய்வகப் பணியாளர்களுக்கே வந்த தொற்று. பத்து பேர் வேலையை ஆறு பேர் செய்தார்கள் என்று அதற்கு அர்த்தம்.

'ஐந்து மாதிரியைக் கலந்து ஒன்றாகப் பார்த்திருக்கலாமே' என்று இப்போதும் சிலர் எழுதுகிறார்கள். நூற்றில் இரண்டு பேருக்குத் தொற்று இருக்கும்போது அது அற்புதமான வழி. 100 பேருக்குச் சுமார் 30 சோதனை போதும். நூற்றில் இருபது பேருக்கு என்று ஆகும்போது 87 தேவைப்படும். பாசிட்டிவ் வந்த தொகுப்பைப் பிரித்துத் திரும்பச் செய்ய இன்னொரு நாளும் போகும். தொற்று விகிதம் ஐந்து சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் கலக்க வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் 2020 ஏப்ரலிலேயே சொன்னது இதனால்தான்.

முதல் நெகட்டிவுக்கு வருகிறேன். காய்ச்சல் வந்த அன்றைக்கே எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2020-ல் வந்த ஒரு கணிப்பின்படி, அறிகுறி தொடங்கும் நாளில் எடுத்தால் தொற்றுள்ள நூறு பேரில் சுமார் 38 பேருக்கு நெகட்டிவ் வரும். மூன்று நாள் கழித்து எடுத்தால் அது சுமார் 20. ஆக யாருமே தவறு செய்யாமலும் அப்படி வந்திருக்கலாம்.

எடுத்த விதத்திலும் தவறியிருக்கலாம். குச்சியை மூக்கில் மேல்நோக்கிச் செலுத்தக் கூடாது. தலையைச் சாய்த்து, மூக்கின் தரையை ஒட்டியே, காது இருக்கும் திசையில், தட்டுப்படும் வரை கொண்டுபோக வேண்டும். சில நொடி அங்கேயே வைத்து, சுழற்றி எடுக்க வேண்டும். பாதி வழியில் பெரும்பாலோர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். எடுப்பவர் ஆறு மணி நேரமாகத் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அதற்கு முழு உடையையும் கழற்ற வேண்டும். முகக்கவசத்துக்கு மேலே மாட்டிய கண்ணாடி ஆவி படிந்து மங்கியிருக்கிறது. நூற்றைம்பதாவது மூக்கில் அரை அங்குலம் குறைவாகப் போயிருக்கலாம். ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பல கிட்களில் மனித செல்லுக்கான மரபணுவையும் சேர்த்தே தேடுவார்கள். அது வராவிட்டால் மாதிரியே சரியில்லை, மறுபடி எடுங்கள் என்பார்கள். ஆனால் மூக்கு நுனியைத் தொட்டு வந்த குச்சியிலும் மனித செல் இருக்கும். சோதனை அதைச் சரியான மாதிரி என்று ஏற்றுக்கொண்டு நெகட்டிவ் சொல்லிவிடும்.

இனி அந்த மருத்துவமனை. உங்கள் கோபத்துக்கு உரிய இடம் இது. அறிகுறியுள்ள நோயாளியைச் சேர்க்க பாசிட்டிவ் ரிசல்ட் கட்டாயமில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே 8-ஆம் தேதியே அறிவித்துவிட்டது. சந்தேகத்துக்குரியவர்களைத் தனி வார்டில் வைத்துச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதே உத்தரவு. மூச்சு வாங்கும் மனிதரைக் காகிதம் கேட்டு நிறுத்தி வைத்ததற்கு ஆய்வகத்தின் தாமதம் காரணமே ஆகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் முடிவெடுக்கப் போதுமானது அதிலேயே தெரிந்திருக்கும்.

கடைசியாக, "ரன் ஃபெயில்".

ஒவ்வொரு பிளேட்டிலும் இரண்டு குழிகள் நோயாளிகளுடையவை அல்ல என்றேன். ஒன்றில் வைரஸின் மரபணுத் துண்டு தெரிந்தே போடப்பட்டிருக்கும். அது பாசிட்டிவ் காட்டியே ஆக வேண்டும். இன்னொன்றில் மாதிரி எதுவும் இருக்காது. அது கடைசிச் சுற்று வரை ஒளிராமல் இருக்க வேண்டும். அந்தக் காலிக் குழி ஒளிர்ந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள்: பாசிட்டிவ் கன்ட்ரோலைத் தொட்ட கையுறை, மாற்ற மறந்த ஒரு டிப், சோதனைக்கான வேதிக் கலவையான மாஸ்டர் மிக்ஸைத் தயாரிக்கும் அறைக்குள் வந்துவிட்ட ஒரு துளி. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிற சோதனை இது. பத்துச் சுற்றில் ஆயிரம் மடங்கு பெருகும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். அப்போது 94 பேரின் முடிவையும் ஒதுக்கிவிட்டு, மேஜையைத் துடைத்து, புது மாஸ்டர் மிக்ஸ் எடுத்து, முதலிலிருந்து போட வேண்டும். சில நேரம் ஆர்என்ஏ பிரிப்பதிலிருந்தே. அந்த மாதத்து வரிசையில் அது இன்னொரு நாளைத் தின்றுவிடும்.

சமாளிக்க நினைப்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி இருந்தது. அந்தப் பிளேட்டை அப்படியே பதிவேற்றியிருந்தால் அன்று மாலையே உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும், ஃபோனும் வந்திருக்காது. அதே பிளேட்டில் தொற்றே இல்லாத சிலர் பாசிட்டிவ் ஆகி, கொரோனா வார்டில் போய்ப் படுத்திருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. அவர் உங்களிடம் சொன்னது உண்மை என்றே நான் நம்புகிறேன்.

அந்த எண் இன்னும் உங்களிடம் இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் அங்கே இருப்பாரா என்பதுதான் சந்தேகம். அந்த நாட்களில் ஆய்வகங்களில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் பலர். ஒப்பந்த வேலை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துக்கொள்ளப்பட்டது.