தசைன் விடுமுறையில் போக்கரா வாலிபர் முகாம்: சகோதரிக்குப் பதில்

சகோதரி, தமிழகத்திலிருந்து நேபாளத்தின் போக்கராவில், அந்நாட்டு இந்துக்களின் பெரும் பண்டிகையான தசைன் விடுமுறையில் நடக்கும் வாலிபர் முகாமுக்கு ஊழியம் செய்யச் செல்வதாகவும், அங்கே என்ன பேசலாம் என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தியருக்கு விசா தேவையில்லை என்றாலும் சட்டத்தை மறந்துவிடாதீர்கள்; 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது, 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமோ அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும், வெளிநாட்டவராயின் நாடுகடத்தலும் விதிக்கிறது. உங்களை அழைத்த சபைக்கும் ஆபத்து வரும் என்பதால், மேடையை உள்ளூர் ஊழியர்களுக்கு விட்டுவிட்டுச் சமையலிலும் சிறு குழுக்களிலும் உதவுங்கள். வெளியே கைப்பிரதி எதுவும் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளின் மனபாரம் வேறு. தசைனில் பெரியவர்கள் நெற்றியில் டீக்கா என்னும் திலகம் இட்டு ஆசி கூறுவார்கள். விசுவாசத்தினிமித்தம் அதை மறுக்கும் பிள்ளை தங்களையே மறுத்துவிட்டதாகத் தாத்தாவும் பாட்டியும் கலங்கிப்போவதுண்டு. ஒரு வாரம் தங்கித் திரும்பும் நாம் "வாங்காதே" என்று சொல்லிவிடலாம், ஆனால் வீட்டுக்குப் போய் அந்தக் கண்ணீரைப் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். ஆகவே தயவுசெய்து தீர்ப்புச் சொல்லாமல் பொறுமையாகக் கேளுங்கள். முடிவை அவர்கள் தங்கள் போதகரோடு சேர்ந்து எடுக்கட்டும்.

அங்கே பல சபைகள் சனிக்கிழமையன்றே கூடுவதால், முகாம் முடிந்து வரும் சனிக்கிழமை வரை தங்கி, அவர்களோடு ஆராதித்துவிட்டுத் திரும்புங்கள்.